மெய்ச்செல்வமும் காட்சிச்செல்வமும்

உலகத்து மக்கள் யாவரும் விரும்பி நாடுவது செல்வம். அதனை இகழ்ந்து பேசுதல் எளிது. இகழ்ந்து வாழ்தல் அரிது. நம் சைவ நூல்களும் செல்வத்தை வாளா இகழ்ந்தனவல்ல. அடியார் அறுபத்துமூவருள் முடியுடை வேந்தர் உளர். பழையாறை வணிகராகிய அமர்நீதியார் உளர். மதுரை வணிகராகிய மூர்த்தியார் உளர். பொருளுடைமை அவர்தம் அன்பிற்குத் தடையாயிற்றென்று சேக்கிழார் பெருமான் யாண்டுங் கூறிற்றிலர். ஆதலின் செல்வம் நன்றோ தீதோ என்பது ஈண்டு வினாவன்று. செல்வம் உடையராதல் வேறு. செல்வம் உடையராகக் காணப்படுதல் வேறு. இவ்விரண்டனுள் எதனை நாம் செல்வமென்று கொண்டு ஒழுகுகின்றோம் என்பதே இக்கட்டுரையில் ஆராயப்படுவது.

உடைமை என்னுஞ் சொல்லைத் திருவள்ளுவர் ஆண்ட முறை இவ்வாராய்ச்சிக்கு நல்ல தொடக்கமாகும். திருக்குறள் அதிகாரப் பெயர்களுள் உடைமை என முடிவன பத்து. அவை அன்பு, அடக்கம், ஒழுக்கம், பொறை, அருள், அறிவு, ஊக்கம், ஆள்வினை, பண்பு, நாண் என்பனவற்றைப் பற்றியன. பொருளுடைமை என ஓர் அதிகாரம் இல்லை. பொருளைப் பற்றி நாயனார் கூறப் புகுந்தவிடத்து அதிகாரப் பெயர் பொருள் செயல்வகை என நின்றது. பொருள் செய்யப்படுவது, செலவு செய்யப்படுவது, ஒருவன்பால் உடைமையாய் ஒன்றி நிற்பன குணங்களே என்பது இதனாற் பெறப்படும். இன்னும் ஒன்று நோக்குக: பயன்படாத செல்வத்தைக் கூறும் நன்றியில் செல்வம் 101-ஆம் அதிகாரம், அதனை அடுத்து நின்றது நாணுடைமை. பொருளிருந்தும் பயனில்லாதவனைக் கண்ட நாயனார், அடுத்து நாணத்தைப் பற்றிப் பேசினார் என்பது நம் சிந்தனைக்குரியது.

இனி, செல்வத்தைக் காட்டும் வேட்கை புதியதன்று. அமெரிக்கப் பொருளாதார அறிஞர் தார்ஸ்டீன் வெப்ளன் என்பார் 1899-ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில், செல்வர் பலர் பொருளைச் செலவிடுவது அதன் பயன் கருதியன்று, பிறர் காணுதல் கருதியே என்று விரித்துரைத்தார். ஆயினும் முன்னாளில் இவ்வேட்கைக்கு எல்லை ஒன்றிருந்தது. ஒருவர் தம் செல்வத்தைத் தம்மூரார்க்கும் தம் சுற்றத்தார்க்குமே காட்டல் கூடும். அவரோ காட்டுவாருடைய நிலத்தையும் கடனையும் முன்னரே அறிந்தவர். ஆகலான் பொய் நெடிது நில்லாது. 2004-இல் முகநூலும் 2010-இல் இன்ஸ்டாகிராமும் தோன்றிய பின்னர் அவ்வெல்லை நீங்கிற்று. காட்டுவாரும் காண்பாரும் ஒருவரையொருவர் அறியார். கைப்பேசிக்குள் அடங்கும் ஒரு படமே வாழ்வு முழுமைக்கும் சான்றாக நிற்கின்றது.

இதன்கண் வாணிகமும் ஒன்றுண்டு. இத்தளங்களை நடத்துவோர்க்கு வருவாய் பெரும்பாலும் விளம்பரத்தால் வருவது. காண்பார் கண் எத்துணை நேரம் திரையில் நிற்கின்றதோ அத்துணை ஊதியம் பெருகும். ஆதலின், கண்ணைப் பிடித்து நிறுத்துவது எதுவோ அதுவே மேன்மேலும் பலர்க்குக் காட்டப்படுமாறு அவை அமைக்கப்பட்டுள்ளன. பொன்னும் ஊர்தியும் மாளிகையும் கண்ணைப் பிடித்து நிறுத்தும். ஒருவன் தன் தங்கையின் படிப்புக்கு மாதந்தோறும் அனுப்பும் பணம் கண்ணைப் பிடித்து நிறுத்தாது. எனவே காட்சிச்செல்வம் தனியொருவர் குற்றமாக மட்டும் நில்லாமல், பிறரால் ஊட்டி வளர்க்கப்படுவதும் ஆயிற்று. 2017-ஆம் ஆண்டில் மாஸ்கோ நகரில், பறவாது தரையில் நின்ற தனியார் வானூர்தி ஒன்றன் உள்ளே இருந்து படம் எடுத்துக்கொள்வதற்கு வாடகை வாங்கப்பட்டதென்னும் செய்தி பரவிற்று. வானூர்தி பறக்கவில்லை, படம் மட்டும் உலகெங்கும் பறந்தது.

இரண்டு வரலாறுகளை ஒப்பவைத்து நோக்குவாம்.

ரமோன் அப்பாஸ் என்பான் நைஜீரிய நாட்டினன். துபாய் நகரில் வாழ்ந்து, ஹஷ்பப்பி என்னும் பெயரால் இன்ஸ்டாகிராமில் தன் விலையுயர்ந்த ஊர்திகளையும் ஆடைகளையும் கைக்கடிகாரங்களையும் நாடோறும் காட்டிவந்தான். 20 இலட்சத்துக்கு மேற்பட்டோர் அவனைப் பின்தொடர்ந்தனர். இளைஞர் பலர் அவனை உழைப்பால் உயர்ந்தவனென்று மதித்தனர். 2020 ஜூன் மாதத்தில் அவன் சிறைப்பட்டான். மின்னஞ்சல் வாயிலாகப் பிறரை ஏமாற்றிய பணத்தை மறைத்து மாற்றும் சூழ்ச்சியில் தான் கலந்தமையைப் பின்னர் அவனே ஒப்புக்கொண்டான். ஏமாற்றப்பட்டாருள் ஒருவர், கத்தார் நாட்டில் பள்ளிக்கூடம் ஒன்று கட்டுதற்குக் கடன் நாடியவர். 2022 நவம்பரில் அமெரிக்க நீதிமன்றம் அவனுக்கு 11 ஆண்டுக்கு மேற்பட்ட சிறைத்தண்டம் விதித்தது. அவன் பெருமைக்காகக் காட்டிய படங்களே அவனை இன்னானென்று துணிதற்குப் புலனாய்வோர்க்குத் துணையாயின என்பது கருதத்தக்கது.

மற்றொரு வரலாறு ஓசியோலா மெக்கார்ட்டி என்னும் அம்மையாருடையது. அமெரிக்காவின் மிசிசிப்பி மாகாணத்து ஹாட்டிஸ்பர்க் நகரில் வாழ்ந்தவர். 1908-இல் பிறந்த அவர், நோயுற்ற உறவினரைப் பேணும் பொருட்டு ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டார். பிறர் துணிகளை வெளுத்தே முதுமை வரை வாழ்ந்தார். ஊர்தி ஒன்றும் உடையரல்லர், நடந்தே செல்வார். இளமையில் அவ்வூர்ப் பல்கலைக்கழகத்தில் அவர்போன்ற கறுப்பினத்தார்க்கு இடமில்லாதிருந்தது. 1995-ஆம் ஆண்டில், தம் எண்பத்தேழாவது வயதில், அப்பல்கலைக்கழகத்துக்கே 1,50,000 டாலரை ஏழை மாணவர் கல்விக்கென உரிமைப்படுத்தினார். சிறுகச் சிறுக வங்கியில் இட்டுவைத்த பணம் அது. அன்றுவரை அவரைச் செல்வரென்று எவரும் எண்ணியதிலர். காஞ்சியில் அடியார் துணி வெளுத்த திருக்குறிப்புத்தொண்டரைத் தொழும் நமக்கு அத்தொழிலின் பெருமை புதிதன்று.

ஒருவன் பள்ளிக்கூடத்துக்குரிய பணத்தைக் கவர்ந்து செல்வனாகக் காணப்பட்டான். ஒருவர் பள்ளியை இழந்தும் பிறர்க்குப் பள்ளியளித்து, காணப்படாமலே செல்வராயிருந்தார். செல்வம் யாண்டுளது என்பதற்கு இதனினும் தெளிந்த எடுத்துக்காட்டு வேண்டா. ஆயினும் அப்பாஸின் குற்றம் சட்டத்தின்பாற்பட்டது. நேரிய வழியில் ஈட்டிய ஒருவர் தம் பொருளைக் காட்டின் அதனால் வருங் கேடு யாது? இதற்கு விடை சித்தாந்தத்தின்கண் உளது.

உடம்பும் கருவியும் உலகும் நுகர்பொருளும் மாயையினின்று உயிர்க்குக் கூட்டுவிக்கப்படுவன. அவை வினைக்கு ஈடாக வந்து, வினை கழிந்தவழிக் கழியும். எனவே செல்வம் மாயையின் காரியம். அஃது உயிர்க்கு விளக்கொப்ப ஒருவாற்றான் உதவுவதே. அதனைப் பற்றி யான், எனது என்று எழும் செருக்கோ ஆணவத்தின் காரியம். விளக்கு இருளன்று, விளக்கைத் தன்னதென்று பிடித்துப் பிறர் கண்ணிற் குத்துதல் இருளின் செயல். செல்வத்தைப் பழித்தலும் செல்வத்தைக் காட்டலும் ஆகிய இருபிழையும் இவ்வேறுபாடு அறியாமையான் வருவன.

ஆணவத்தின் காரியங்களை மோகம், மதம், இராகம், கவலை, தாபம், வாட்டம், விசித்திரம் என ஏழாக வகுத்தோதுவர். இவ்வேழும் காட்சிச்செல்வத்தில் முறையே விளங்கக் காணலாம். ஒன்றை மற்றொன்றாக மயங்குதல் மோகம். படத்தை வாழ்வாகவும் காண்பார் தொகையை மதிப்பாகவும் கொள்ளுதல் அது. தன்னை மேலாக எண்ணிக் களித்தல் மதம். காட்டுவோன்பால் அது வெளிப்படை. பெறாததை அவாவுதல் இராகம். அது காண்போனையும் பற்றும். தன் வீட்டில் நிறைவோடிருந்த இளைஞன் அயலான் ஊர்தியைக் கண்டபின் தன் இரண்டுருளியை வெறுக்கின்றான். தவணைக் கடன் அவ்வெறுப்பில் முளைக்கின்றது. அப்பொருள் எங்கே போய்விடுமோ என்றும், காண்பார் தொகை எங்கே குறைந்துவிடுமோ என்றும் நெஞ்சு உளைதல் கவலை. உள்ளம் வேதல் தாபம். வெந்து சோர்தல் வாட்டம். நேற்று ஆயிரவர் விரும்பிய படத்தை இன்று நூற்றுவரே விரும்பினராயின், காட்டியவன் இரவெல்லாம் உறங்கான். இத்துணையும் பட்ட பின்னரும், பலவேறு பொருளும் சுற்றமும் எனக்குள, எனக்கு யாது குறை என்று எண்ணித் தருக்கியிருத்தல் விசித்திரம். பொருள் கைவிட்டுப் போகாமலே பொருளிழந்தான் படுந் துன்பமெல்லாம் இவன் படுகின்றான்.

இதற்குக் காரணம், உயிர் சார்ந்ததன் வண்ணமாந் தன்மையது என்பது. பளிங்கு தன்னை அடுத்த பொருளின் நிறத்தைக் காட்டுமாறு போல உயிர் தான் சார்ந்ததன் இயல்பாய் நிற்கும். செல்வத்தைப் பயன்கொண்டு வாழ்வோன் அச்செயலைச் சார்கின்றான். ஈவோன் ஈகையைச் சார்கின்றான். காட்டுவோனோ காண்பார் கண்ணைச் சார்கின்றான். அக்கண் மலர்ந்தால் மலர்வான். அக்கண் வேறிடம் நோக்கினால் இருளடைவான். அவன் உடைமை அவன் கையில் இல்லை. முகமறியாத பிறர் விழியில் உள்ளது. பிறர் விழியில் உள்ளதை ஒருவன் தன்னுடைமை என்பது எங்ஙனம் பொருந்தும்? ஆகவே காட்சிச்செல்வன் செல்வனல்லன்; இரப்போன். இரப்போர் சோறு வேண்டுவர். இவன் நோக்கு வேண்டுகின்றான்.

இன்னுமோர் நுட்பம் உண்டு. புறவிருள் பிற பொருளை மறைப்பினும் தான் இருளென்று தன்னைக் காட்டும். ஆணவமோ தன்னையும் காட்டாது. உமாபதி சிவனார் திருவருட்பயனில் இதனை நன்கு விளக்கியுள்ளார். காட்டுவோன் தான் காட்டுவதாக அறியான் என்பது இக்கருத்தால் விளங்கும். பிறர்க்கு ஊக்கம் அளிக்கின்றேன் என்பான். மகிழ்ச்சியைப் பகிர்ந்துகொள்கின்றேன் என்பான். இறைவனுக்கு நன்றி செலுத்துகின்றேன் என்றும் கூறுவான். அவன் பொய் சொல்லவில்லை; அவனுக்கே அது தோன்றவில்லை.

இவ்விடத்து இப்பத்திரிகையைப் படிக்கும் அன்பர்களும் இதனை எழுதும் யானும் நம்மை நாமே ஆராய்ந்துகொள்ளல் வேண்டும். பொன்னையும் ஊர்தியையும் காட்டுவோரை நாம் எளிதில் நகைப்போம். ஆயின் அன்னம் பாலிக்கும்போது, இலையில் சோறு விழுமுன் படம் எடுக்கப்படுகின்றதன்றோ? உண்பாருடைய தாழ்ந்த முகமும் இடுவாருடைய நிமிர்ந்த முகமும் ஒரே படத்தில் உலகெங்கும் செல்கின்றனவன்றோ? பூசையறையில் கைகுவித்திருக்கும்போதே ஒரு கண் படக்கருவியை நோக்குகின்றதன்றோ? பொன்னைக் காட்டுவோன் பொன்னளவில் இழக்கின்றான். பத்தியைக் காட்டுவோன் எதனளவில் இழக்கின்றான் என்பதை எண்ணுந்தோறும் நெஞ்சு நடுங்குகின்றது.

அற்றேல், நம் முன்னோர் தம் கொடைகளைக் கோயிற் சுவரில் வெட்டிவைத்தனரே, அதுவும் காட்டுதலன்றோ எனின், அன்று. 1010-ஆம் ஆண்டளவில் நிறைவெய்திய தஞ்சைப் பெருவுடையார் கோயிலின் கல்வெட்டுக்களை நோக்குக. முதலாம் இராசராச சோழர் கொடுத்தனவும், அவர்தம் தமக்கையார் குந்தவையார் கொடுத்தனவும், பிறர் கொடுத்தனவும் ஆண்டு நிரலே குறிக்கப்பட்டுள. பொன்னின் நிறையும், அதனை நிறுத்த ஆடவல்லான் என்னும் நிறைகல்லும் கூறப்பட்டுள. அவை கணக்குகள். இவ்வளவு கோயிலுக்கு உரியது, இதனை எவரும் கவரற்க என்பதற்குச் சான்று அவை. பிற்காலத்தார் அறம் குன்றாமற் காத்தற்கு அவ்வெழுத்து வேண்டப்பட்டது. அன்றியும், கல்வெட்டில் எழுதப்பெறுவது கொடுத்துவிட்ட பொருள். படத்தில் காட்டப்பெறுவது வைத்துக்கொண்ட பொருள். கையை விட்டு நீங்கியதை எழுதுதலும் கைக்குள் இருப்பதை விரித்துக் காட்டுதலும் ஒன்றாகா. இவ்வாறே தேர்த்திருவிழாவின் பொலிவும் தனியொருவனுடைமையன்று. வடம் பிடித்தார் அனைவர்க்கும் அது பொது.

இனி, பெரியபுராணத்துள் இருவர் வரலாறுகள் இப்பொருளை முற்றுவிக்கும்.

இளையான்குடி மாறனார் வளம் மிக்க வேளாளர். நாடோறும் அடியார்க்கு அமுதளித்தவர். இறைவன் திருவுளத்தால் அவர் செல்வம் சுருங்கிற்று. மழை பெய்த ஓர் இரவில் அடியார் ஒருவர் வந்தபோது இல்லத்தில் யாதுமில்லை. பகலில் விதைத்த நெல்லைச் சேற்றிலிருந்து வாரிக்கொணர்ந்தார். கூரைமரத்தை அறுத்து விறகாக்கினார். கொல்லைக் கீரையைப் பறித்துக் கறிக்கு உதவினார். மனைவியார் அமுது சமைத்தார். செல்வம் மிக்கிருந்த நாளினும் செல்வம் ஒழிந்த அவ்விரவிலேயே அவருடைய செல்வம் விளங்கிற்று. அதனைக் காண அங்கு ஒருவரும் இலர், ஊர் உறங்கிற்று. அப்பெருந்தகைக்கு நிதிக்கிழவனாகிய குபேரனே ஏவல் செய்யும் பேற்றை இறைவன் அருளினான் என்பர் சேக்கிழார். நிதியுடையான் ஏவல் செய்ய, நிதியில்லான் வீற்றிருத்தல் எத்துணை வியப்பு!

மற்றவர் திருநின்றவூர்ப் பூசலார். சிவபெருமானுக்குக் கோயில் எடுக்க விரும்பிப் பொருள் தேடி எங்கும் பெறாராய், நினைவினாலேயே பொருள் ஈட்டி, நினைவினாலேயே தச்சரைக் கூட்டி, அடிநிலை முதல் சிகரம் வரை நாள்தோறும் அகத்தே எடுத்தார். அவர் கோயிலுக்கு நாட்குறித்த அந்நாளே, காஞ்சியில் காடவர் வேந்தர் தாம் எடுத்த கற்றளிக்கும் நாட்குறித்திருந்தார். இறைவன் வேந்தர் கனவில் தோன்றி, நின்றவூர்ப் பூசல் எடுத்த ஆலயத்து நாளை யாம் புகுவேம். நீ நாளை மாற்றிக்கொள் என்றருளினான். வேந்தர் நின்றவூர் புகுந்து, பூசலார் எடுத்த கோயில் யாது என வினவ, ஊரார் அங்ஙனம் ஒரு கோயில் இல்லை என்றனர். ஒரே ஊரில் வாழ்ந்தும் அவர்க்குத் தெரிந்திலது. தெரியாமையால் அதற்குக் குறை நேர்ந்ததும் இல்லை. வேந்தர் வெகுண்டிலர், பூசலார் திருவடியில் விழுந்து வணங்கினார். கண்காணாத செல்வத்தைக் கண்டு தலைவணங்கியமையால் அவ்வேந்தரும் மெய்ச்செல்வரேயாவர். கற்றளி எழுப்பியதினும் அவ்வணக்கம் அவர்க்குப் பெருமை தந்தது.

இவ்வரலாறுகளால் நாம் கைக்கொள்ளத்தக்கது ஒன்றே. ஒரு பொருளை வாங்கும்போதும், ஓர் அறத்தைச் செய்யும்போதும், ஓர் ஊருக்குச் செல்லும்போதும், உள்ளத்தை ஒரு வினா வினவுக: காண்பார் ஒருவரும் இல்லாவிடினும் இதனை யான் விரும்புவேனோ? விரும்புவேன் என நெஞ்சு விடைகூறின் அப்பொருள் நினக்கு உரியது. இன்புற நுகர்க, பிறர்க்கும் ஈக. விரும்பேன் என விடைகூறின், அதற்கு நீ விலைகொடுப்பது அப்பொருளுக்காகவன்று, பிறர் நோக்குக்காகவே என்று அறிக. அவ்விலை எத்துணை கொடுப்பினும் தீராது. மக்களையும் மாணாக்கரையும் உடையோர் அவர்க்கு இவ்வினாவைக் கடிந்துரையாமல் கற்பித்தல் நலம். அவர் கையில் நாம் கொடுத்த கைப்பேசியில் நாள்தோறும் பிறர் பொலிவே காண்கின்றனர். நம் இல்லத்துள் காட்டப்படாத நிறைவு ஒன்று உண்டென்பதை நம் வாழ்வாலன்றி அவர் அறியுமாறு இல்லை.

அகத்திற் கட்டிய கோயில் ஊரார் கண்ணுக்குப் புலப்பட்டிலது. ஆயினும் இறைவன் அதன்கண் முற்படப் புகுந்தான். காணவேண்டுபவன் ஒருவனே, அவன் காணாதது யாதுமில்லை. அவனுக்குக் காட்டுதற்குப் படம் வேண்டா.

திருச்சிற்றம்பலம்.